தள்ளாட்டம் முதுமையின் தலைவிதியன்று

விடியற்காலை இருளில் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து மரம் வெட்டியவர். நிறைந்த காண்டா வாளியைச் சுமந்து பால் கொட்டகைக்குச் சென்றவர். அத்தகையவர் இன்று குளியலறைக்குச் செல்லச் சுவரைப் பற்றுகிறார். இதைக் காணும் நாம், “அப்பா, வயதாகிவிட்டது; இனி நடமாட வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள்” என்கிறோம்.

அன்பினால் சொல்லும் இச்சொல்லே அவருக்குத் தீங்காக முடியலாம். உட்கார்ந்தே இருப்பவரின் கால் தசைகள் நலிகின்றன. தசை நலிந்தால் தள்ளாட்டம் மிகுகிறது. தள்ளாட்டம் மிகுந்தால் அச்சம் வளர்கிறது. அச்சமுற்றவர் மேலும் உட்காருகிறார். இச்சுழலை அறுப்பது எவ்வாறு என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நம்மை நிமிர்த்தி நிறுத்துபவை

கண், உட்செவி, பாதம் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை ஒன்று சேர்த்துத் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தால் மற்றவை ஈடு செய்கின்றன. நீண்டகால நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர் பகலில் நன்றாகவே நடப்பார். இருட்டிலோ, முகம் கழுவக் கண்ணை மூடும்போதோ தடுமாறுவார். அதுவரை ஈடு செய்துவந்த கண் அப்போது உதவ முடிவதில்லை என்பதே காரணம்.

உட்செவியில் மணல் போன்ற நுண்ணிய சுண்ணத் துகள்கள் உள்ளன. அவை இடம் பெயர்ந்து, நீர் நிறைந்த வளைகுழாய்களுள் புகுந்துவிட்டால், படுக்கையில் புரளும்போதும் மேலே அண்ணாந்து பார்க்கும்போதும் தலை சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும். மருத்துவர் தலையை முறைப்படி திருப்பியே இத்துகள்களைப் பழைய இடத்திற்கு அனுப்பிவிடுவதுண்டு.

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கண் இருண்டால், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது என்று ஐயுறலாம். இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியனவும் இதற்குக் காரணமாகலாம். அதற்காக மாத்திரையை நாமாகவே நிறுத்திவிடுதல் கூடாது. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் மருந்தகத்திற்கு எடுத்துச் சென்று காட்டுதலே முறை.

கேலாங் கற்பிக்கும் பாடம்

சிங்கப்பூரின் கேலாங் செராய், ஒரு காலத்தில் தென்னையும் செராய்ப் புல்லும் விளைந்த தோட்டப் பகுதியாகும். இன்று கேலாங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளும் பழைய கடைவீடுகளும் நிறைந்துள்ளன. கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடியில் ஒரு கடையின் தரை உயர்ந்தும் அடுத்த கடையின் தரை தாழ்ந்தும் இருப்பதுண்டு. இளையவர் கவனியாது கடக்கும் அப்படி, முதியவரின் இடுப்பெலும்பை முறிக்கப் போதுமானது.

உடலைத் தேற்றுவதோடு இடத்தையும் திருத்த வேண்டும் என்பதைச் சிங்கப்பூர் உணர்ந்தது. 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ், முதியோர் வாழும் வீவக வீடுகளில் கைப்பிடிகள் பொருத்தப்படுகின்றன. குளியலறைத் தரை வழுக்காதவாறு பக்குவப்படுத்தப்படுகிறது. செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. 2009 முதல், சில சாலைச் சந்திப்புகளில் முதியோர் தம் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு கூடுதல் விநாடிகள் எரிகிறது.

நம் வீட்டிலும் இவற்றுட் பல இயலும். குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று. படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையே சிறு விளக்கு. தரையிலே பாசியில்லாத் தூய்மை. தேய்ந்த சிலிப்பருக்குப் பதிலாகக் குதிகாலைப் பற்றும் காலணி. பெருஞ்செலவு எதுவும் இல்லை.

நாள்தோறும் செய்யத்தக்கவை

எழுந்ததும் நடவாது, கட்டிலின் ஓரத்தில் ஓரிரு நிமிடம் அமர்ந்து கணுக்காலை அசைக்க வேண்டும். கனமான மேசையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்றல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல் ஆகியவற்றை இயன்ற அளவு செய்யலாம். தொடக்கத்தில் ஒருவர் அருகில் நிற்பது நல்லது. இத்தகைய பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தால், விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவர்களுள் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி. எனவே விழுந்ததை மறைத்தல் ஆகாது. ‘சொன்னால் கோயிலுக்குக்கூட அனுப்பமாட்டார்கள்’ என்று அஞ்சியே பல முதியோர் வாய் திறப்பதில்லை. அவ்வச்சத்தைப் போக்குவது பிள்ளைகளாகிய நம் கடமை.

திடீரென்று தள்ளாட்டம் தோன்றி, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் வலுவிழந்தாலோ அது பக்கவாதமாகலாம். நாட்டு மருந்து தேடி நேரத்தை இழக்காமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் அவ்வெண் 995 ஆகும்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் அடிக்கடி சறுக்கினால், ஏன் என்று கேட்க வேண்டும். இனி நம் வீட்டு முதியவர் தள்ளாடும்போது, “உட்காருங்கள்” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாது, “வாருங்கள், மருந்தகத்தில் காட்டிக் காரணத்தைக் கேட்டு வருவோம்” என்று கைகொடுப்போமாக.