சாமியைப் பற்றிப் பேசினால் குற்றமா?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏரா எஃப்எம் என்னும் மலாய் வானொலியைச் சேர்ந்தவர்கள் "வேல், வேல்" என்று கூவிக்கொண்டு, காவடியாட்டத்தைப் பழித்து ஆடிச் சிரிக்கும் படக்காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் நம்மவர் மனம் கொதித்தது. பல ஊர்களில் போலீஸ் புகார்கள் செய்யப்பட்டன. ஆடியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தொடர்பு பல்லூடக ஆணையம், அந்த வானொலியை நடத்தும் நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்தி வைக்கப்போவதாக முதலில் அறிவித்து, பின்னர் 250,000 வெள்ளி தண்டம் விதித்தது.

"வேண்டும், நன்றாக வேண்டும்" என்று நம்மில் பலர் சொன்னோம். வேலுக்கு நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பவன் மனம் எப்படிப் புண்படும் என்பது நமக்குத்தானே தெரியும்? அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் இன்னொரு பேச்சும் நம் வாயிலிருந்து வந்தது. "இனிமேல் மதத்தைப் பற்றி எவனும் வாயே திறக்கக் கூடாது, திறந்தால் பிடித்து உள்ளே போட வேண்டும்!" இந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

அப்படி ஒரு சட்டம் அன்றே இருந்திருந்தால், கல்லை நட்டுச் சுற்றி வருவதைக் கேள்வி கேட்ட சிவவாக்கியர் உள்ளே போயிருப்பார். சாதியும் சடங்கும் பொய்யென்ற வடலூர் வள்ளலார் உள்ளே போயிருப்பார். நம் தமிழ்ச் சமுதாயத்தில் சமயத்தைக் கடிந்து பேசியவர்களில் பாதிப்பேர் சமயவாதிகள்!

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். மலேசிய அரசியல் சட்டத்தின் 10ஆவது பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. பொது அமைதி போன்ற காரணங்களுக்காக அதற்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் தருகிறது. 11ஆவது பிரிவு அவரவர் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமை. முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் தடுக்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆக, இந்த நாட்டில் எல்லாப் பேச்சுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

அடுத்து, குற்றவியல் சட்டத்தின் 298ஆவது பிரிவு. ஒருவருடைய சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தும் எண்ணத்துடன் பேசினாலோ, ஓசை எழுப்பினாலோ, சைகை காட்டினாலோ ஓராண்டு வரை சிறை அல்லது தண்டம், அல்லது இரண்டும். கவனியுங்கள், 'வேண்டுமென்றே' என்ற சொல்தான் இங்கே உயிர். இந்தப் பிரிவு நம் நாட்டில் பிறந்ததன்று. மெக்காலே என்னும் ஆங்கிலேயர் 1837இல் இந்தியாவுக்காக எழுதிய வரைவில் இருந்து, 1860ஆம் ஆண்டு இந்தியச் சட்டமாகி, பிறகு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலத்தில் அதுவும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமயங்களைப் பற்றி நேர்மையாக விவாதிக்கத் தாராளமாக இடம் விட வேண்டும். விவாதம் என்ற போர்வையில் பிறர் புனிதமாகக் கருதுவதைத் திட்டமிட்டு இழிவுசெய்ய விடக்கூடாது. இதுதான் அந்தப் பிரிவுக்கு மெக்காலே சொன்ன காரணம்.

காகிதத்தில் கோடு தெளிவாகத்தான் தெரிகிறது. நடப்பில் அது எப்படிக் குழம்பும் என்பதற்கு நம்மவர் வழக்கு ஒன்றே இருக்கிறது.

பெரியார் ஈ.வெ.ராமசாமியை நம் மூத்தோர் நேரில் பார்த்திருக்கிறார்கள். 1929ஆம் ஆண்டு இறுதியில் பினாங்கில் வந்திறங்கி மலாயாவெங்கும் பேசினார். 1954இல் மீண்டும் வந்தார். இந்த இரண்டாம் வருகைக்கு முந்திய ஆண்டு, 1953 மே 27ஆம் தேதி, புத்தர் பிறந்த நாளன்று, திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் ஊரறிய அறிவித்துவிட்டு ஒரு களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் கோர்ட்டுக்குப் போனார். புனிதப் பொருளைச் சேதப்படுத்துவது பற்றிய 295, மத உணர்வைக் கொதிக்கச் செய்வது பற்றிய 295ஏ ஆகிய இந்தியச் சட்டப் பிரிவுகளின்படி தண்டிக்க வேண்டும் என்றார்.

மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளிவிட்டார். உடைத்தது கோயில் சிலை அன்று, வெறும் மண்பொம்மை, அது எப்படிப் புனிதப் பொருளாகும் என்றார். செஷன்ஸ் நீதிபதியும் அதையே சொன்னார். சென்னை உயர்நீதிமன்றமும் தலையிடவில்லை. 1958இல் டில்லி உச்சநீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. ஒரு பொருள் புனிதமா என்பதை நீதிபதியின் பகுத்தறிவு முடிவு செய்யக் கூடாது. அதைப் புனிதமாக எண்ணும் மக்களின் உணர்வை மதித்துத்தான் பார்க்க வேண்டும். கீழ்க்கோர்ட்டுகள் சட்டத்தை மிகக் குறுக்கிப் படித்துவிட்டன என்றது. இருந்தும், சம்பவம் நடந்து ஐந்தாண்டு ஆகிவிட்டதால் வழக்கைத் திரும்ப நடத்த வேண்டாமென்று விட்டுவிட்டது. பெரியாருக்கு இந்த வழக்கில் தண்டனை இல்லை.

இதில் உங்கள் தீர்ப்பு என்ன? தோட்டத்தில் இதைச் சொன்னால் பாதிப்பேர் ஒரு பக்கம், பாதிப்பேர் மறுபக்கம் நிற்பார்கள். என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையாரை உடைத்ததில் நோகடிக்கும் எண்ணமே இல்லை என்று எவரும் வாதாட முடியாது. அதிர்ச்சி தரத்தானே உடைத்தார்? ஆனால் அந்த உடைப்பின் பின்னால் ஒரு வாதம் இருந்தது. கடவுளின் பேரால் ஒருவனை மேலும் ஒருவனைக் கீழுமாக வைத்திருக்கிறார்களே என்பது அந்த வாதம். அதற்கு எதிர்வாதம் செய்யலாம், செய்தார்கள். தம் சொந்தச் சமுதாயத்தின் நடுவே, முகம் தெரிய நின்று, கேஸ் வந்தாலும் வரட்டும் என்று அவர் செய்தார். வானொலிக்காரர்களின் ஆட்டத்தில் என்ன வாதம் இருந்தது? காவடி எடுப்பது தவறு, இன்ன காரணத்தால் தவறு என்று ஒரு வார்த்தையாவது வந்ததா? பதில் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. சிறுபான்மையோரின் பக்தி சிரிப்புக்குக் கருவியானது, அவ்வளவுதான். என் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் முதலாவதில்கூட, வாதத்தை ஏற்றுக்கொண்டு உடைப்பை ஏற்காத பக்தர் ஒருவர் இருந்தால், அவர் பக்கமும் நியாயம் உண்டென்பேன்.

வாய்தவறி வந்தது என்றால் விட்டுவிடுவார்களா? சிங்கப்பூர் விடவில்லை. 2017இல், தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே ஒரு பள்ளிவாசலில் பணியாற்றிய இமாம், தொழுகைப் பிரசங்கத்தின்போது யூதர், கிறிஸ்தவருக்கு எதிராக உதவி கேட்கும் அரபுப் பிரார்த்தனை ஒன்றைச் சொன்னார். பிறகு மற்றச் சமயத் தலைவர்களை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அப்படியும் 4,000 வெள்ளி தண்டம் கட்டி ஊர் திரும்ப நேர்ந்தது. 1990இலேயே சமய நல்லிணக்கத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றிய நாடு அது.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஆபத்து அவர்கள் கையிலேயே இருக்கிறது. இன்னொரு சமயத்தைக் கேலிசெய்யும் படம் புலனத்தில் வருகிறது. "நம்மை அப்படிச் செய்தார்களே" என்ற ஆத்திரத்தில் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறான். பால்வெட்டிப் படிக்கவைத்த பிள்ளை, பொழுது விடிந்தால் போலீஸ் நிலையத்தில்! 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவுப்படி உச்சத் தண்டம் முன்பு 50,000 வெள்ளி, சிறை ஓராண்டு. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 500,000 வெள்ளி, ஈராண்டு. செம்பனைக் குலை வெட்டி எத்தனை காலத்தில் அதைச் சேர்ப்பது?

கடைசியாக நம் வீட்டுச் சங்கதி ஒன்று. 'மதத்தை இழிவு செய்கிறான்' என்ற குற்றச்சாட்டு, வெளியாரைவிட நம் ஆட்கள் மீதுதான் அதிகம் பாய்கிறது. திருவிழாவுக்கு வசூலித்த பணம் எங்கே என்று ஒருவன் கேட்டால், "சாமி காரியத்தில் கேள்வி கேட்கிறாயா?" முனியாண்டிக்கு ஆடு வெட்டுவதைப் பிள்ளைகள் கண்ணெதிரே செய்ய வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டால், "அம்மாவுக்கு ரொம்பப் படிப்பு." குடித்துவிட்டுக் காவடி தூக்காதே என்ற இளைஞனுக்குக் கோயில் வாசலிலேயே அடி. இவர்கள் பேசியது 298ஆவது பிரிவில் எங்கே வருகிறது? எங்கும் வராது. அடித்தவன் செயல்தான் குற்றவியல் சட்டத்தில் வரும்.

கணக்கு கேட்பவருக்கோ சட்டமே துணை நிற்கிறது. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ச் சங்கமாகப் பதிவான ஆலய நிர்வாகம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் வரவுசெலவுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். உங்கள் தோட்டத்துக் கோயில் அப்படிப் பதிவாகியிருந்தால், அடுத்த கூட்டத்தில் நீங்களும் எழுந்து நின்று கேட்கலாம்.