கட்டுச்சோறு தீருமுன்...

நெடும்பயணம் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது உண்டு அல்லவா? மண்ணில் வாழும் ஒரு சின்னஞ்சிறு புழுவும் அப்படித்தான் புறப்படுகிறது. அதன் கட்டுச்சோறு, உடலுக்குள் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பு. அது தீருவதற்குள் ஒரு பூச்சி கிடைக்காவிட்டால் புழுவின் கதை முடிந்துவிடும்.

பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுக்களைப் பற்றித்தான் சொல்கிறோம். இவற்றின் மூன்றாம் பருவ இளம்புழு சுமார் அரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். இந்தப் பருவத்தில் அதன் வாய் மூடியிருக்கும். அது எதையும் உண்பதில்லை. ஒரு பூச்சியைக் கண்டுபிடித்து உள்ளே நுழைவதே அதன் ஒரே வேலை. நுழைந்ததும், தான் சுமந்து வந்த பாக்டீரியாக்களை வெளிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் பூச்சி இறந்துவிடுகிறது. அதன் உடலுக்குள்ளேயே நூற்புழுக்கள் உண்டு பெருகுகின்றன.

கண்ணில்லாத இந்தப் புழு பூச்சியை எப்படி அறிகிறது? பூச்சி வெளிவிடும் கரியமில வாயுவும் வேறு சில வாசனைகளும் அதற்கு வழிகாட்டுகின்றன. ஹெட்டெரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா என்னும் இனம் மண்ணில் ஊர்ந்து தேடும். ஸ்டெய்னெர்நிமா கார்ப்போகாப்சே என்னும் இனமோ வாலை ஊன்றி நிமிர்ந்து நின்று காத்திருக்கும். பூச்சி அருகில் வந்தால் தாவிப் பற்றும்!

தேடினாலும் காத்திருந்தாலும் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும். இதன் விளைவை அறிய, விஞ்ஞானிகள் இளம்புழுக்களைப் பல வாரங்கள் நீரில் வைத்திருந்து, பிறகு மெழுகு அந்துப்பூச்சியின் லார்வாக்களுடன் விட்டுப் பார்த்தனர். நாள்பட்ட புழுக்களில் குறைவானவையே உள்ளே நுழைந்தன. நுழையாதவை எல்லாம் இறந்தவை அல்ல. பல உயிரோடுதான் இருந்தன. உயிர் இருந்தது, வேட்டைக்கு வலுவில்லை!

பயிர்களைக் கெடுக்கும் பூச்சிகளை அழிக்க இந்த நூற்புழுக்களை நீரில் கலந்து வயலில் தெளிக்கிறார்கள். நெளிகிற புழுவெல்லாம் வேலை செய்யும் என்று நம்பினால் உழைப்பும் பணமும் வீணாகலாம். சூட்டில் கொழுப்பு விரைந்து கரையும். குளிர்ச்சியில் மெல்லக் கரையும். எனவே இவற்றைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, காலம் தாழ்த்தாமல் தெளிக்க வேண்டும்.

நம் வயதைக் கணக்கிட நாள்காட்டி போதும். இந்தப் புழுவுக்கு, மிச்சமிருக்கும் கொழுப்பும் ஒரு நாள்காட்டி. ஒரே நாளில் புறப்பட்ட இரண்டு புழுக்களில் ஒன்று குளிர்ச்சியிலும் மற்றது சூட்டிலும் சில வாரங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எது மூத்தது? நீங்களே சொல்லுங்கள்!