குப்பையில கேஸ் வருமா?



போன மாதக் கூட்டத்துக்கு, தூய்மைக் காவலராக வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் விரலில் கட்டோடு வந்திருந்தார். சோற்றுக் குப்பைக்குள் யாரோ போட்ட பிளேடு கிழித்துவிட்டது. "டவுன்ல குப்பையில கேஸ் எடுக்கிறாங்களாமே, அது வந்தா நம்ம கஷ்டம் தீருமா மேடம்?" என்று கேட்டார். அவருக்கான பதிலைத்தான் எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

வாயு எப்படி உருவாகிறது?

சாண எரிவாயு நமக்குப் புதிதல்ல. காற்றுப் புகாத தொட்டியில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைத் தின்று மீத்தேன் என்ற எரியும் வாயுவை வெளியிடுகின்றன. சாணம் என்பது மாடு சத்தை எடுத்துக்கொண்ட மிச்சம். மீந்த சோறு, காய்கறிக் கழிவில் சத்து அப்படியே இருக்கிறது. அதனால் ஒரு கிலோ சாணத்தைவிட ஒரு கிலோ சமையல் கழிவில் வாயு கூடுதலாக வரும்.

இந்தூரில் என்ன செய்தார்கள்?

மத்தியப் பிரதேசத்தில் உள்ள இந்தூர் நகரில் 2022 பிப்ரவரியில் ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். நாளைக்கு 550 டன் ஈரக்குப்பையை வாங்கி, 17,000 கிலோ வாயுவும் 100 டன் உரமும் எடுக்கும் அளவுக்கு அதை அமைத்தார்கள். குப்பையை அரைத்துக் கூழாக்கி, மூடிய தொட்டிகளில் விடுகிறார்கள். வரும் வாயுவைச் சுத்தம் செய்து அழுத்தினால் வண்டிக்குப் போடும் சி.என்.ஜி. மாதிரி ஆகிவிடும். நகரப் பேருந்துகளுக்கு அது எரிபொருள்.

ஆனால் ஆலைக்குப் பல வருடம் முன்பே அங்கே வேறொரு வேலை நடந்தது. வீடு வீடாகப் போய், ஈரக்குப்பை தனி, உலர்குப்பை தனி என்று பழக்கினார்கள். குப்பை வண்டியிலும் தனித்தனி அறைகள் வைத்தார்கள்.

கலந்து போட்டால் என்ன ஆகும்?

பிளாஸ்டிக் கவர் குழாயை அடைக்கும். மண்ணும் கண்ணாடியும் தொட்டியின் அடியில் தங்கும். பினாயில் கலந்தால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், வாயு நின்றுவிடும்.

ஆகவே சகோதரிகளே, ஆலை மட்டும் வந்தால் கஷ்டம் தீராது. கலந்து வரும் குப்பையை அங்கேயும் ஒரு பெண்தான் கையால் பிரிக்க வேண்டியிருக்கும். இன்னொரு விரல் கிழியும்.

நாம் செய்யக்கூடியது

* வீட்டில் இரண்டு வாளி வையுங்கள்: ஒன்று ஈரக்குப்பைக்கு, மற்றது உலர்குப்பைக்கு.
* பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடியைக் கெட்டியான தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.
* தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் காலணியும் கேட்டு, குழுவாக ஊராட்சிக்கு மனு கொடுங்கள். நாங்களும் கூட வருகிறோம்.
* வீட்டுக்குச் சின்னத் தொட்டி வைக்க நினைத்தால், முதலில் சாணக் கரைசல் ஊற்றி ஆரம்பியுங்கள். கழிவைத் தினமும் கொஞ்சமாகப் போடுங்கள். விசேஷ வீட்டுச் சோற்றை ஒரே நாளில் கொட்டினால் தொட்டி புளித்து, வாயு நின்றுபோகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் இதுவரை ஒரே கூடைதான் இருந்தது. அந்தக் கட்டுப்போட்ட விரலைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது கூடை வாங்கினோம்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இரண்டு வாளி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.