கப்பலேறிப் போன மாணவரும் கடைத்தெரு அண்ணாச்சியும்

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை பள்ளிக்கூடத்துக்கு எதிரில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் எத்தனையோ பேர். கமர்கட்டும் கடலை மிட்டாயும் வாங்கிய பையன்கள் பின்னர் ஐ.டி.ஐ. முடித்து, திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு, வளைகுடாவுக்கும் சிங்கப்பூர் கப்பல் பட்டறைகளுக்கும் போய்விட்டார்கள். போனவர்கள் பள்ளியை மறக்கவில்லை. பள்ளியில் அவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஓய்வு பெற்றிருப்பார், தலைமையாசிரியர் மாறியிருப்பார். மாறாமல் இருப்பது எதிர்க்கடை அண்ணாச்சி ஒருவர்தான். எனவே போன் அவருக்குத்தான் வருகிறது.

திருவொற்றியூரில் நமது உறுப்பினர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. "அண்ணாச்சி, நாங்க மூணு பேரு சேர்ந்து நம்ம ஸ்கூலுக்கு பாத்ரூம் கட்டித் தரலாம்னு இருக்கோம். பணத்தை உங்க கடைக் கணக்குலயே போட்டுடறோம். நீங்க கூட நின்னு முடிச்சுக் குடுத்துடுங்க." அண்ணாச்சிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நம்மிடம் வந்து சொன்னார். நாமும் "நல்ல காரியம், நடத்துங்கள்" என்றுதான் சொன்னோம். அவருடைய ஆடிட்டர்தான் நிறுத்தினார். மூவரில் ஒருவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்பது அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தை உறுப்பினர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுப் பணம் அல்ல. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால், அவர் நம் தெருவில் பிறந்து வளர்ந்தவராகவே இருக்கட்டும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையில் பதிவு, அல்லது முன் அனுமதி இல்லாமல் அதை வாங்கக் கூடாது. சங்கமானாலும் தனி ஆளானாலும் இதே கதைதான். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பதிவு பெற்றவர்களுக்கும் அந்தப் பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி மெயின் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். ஒரு டிரஸ்ட் வாங்கி இன்னொரு சங்கத்துக்குக் கைமாற்றி விடுவதும் அதே திருத்தத்தோடு நின்றுபோயிற்று. மீறினால் சிறைத்தண்டனை வரை போகும்.

இது போதாதென்று கடையின் கரண்ட் அக்கவுண்டில் சில லட்சம் வந்து போனால், அது வியாபாரப் பணமா, யாருடைய பணம் என்று வருமான வரித் துறையும் ஜி.எஸ்.டி.யும் கேட்கும். "பள்ளிக்கூடக் கக்கூஸ் கட்ட வந்தது" என்று வாயால் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? முப்பது வருடமாகக் காப்பாற்றிய கணக்கு வழக்கு ஒரு நல்ல காரியத்தால் சந்தேகத்துக்கு உள்ளாக வேண்டுமா?

பெரிய இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. 1970-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்து அமெரிக்கா சென்று தொழிலதிபரான கிருஷ்ணா சிவுகுலா, 2024-இல் தாம் படித்த நிறுவனத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். வாங்க, ரசீது போட, செலவைக் காட்ட அங்கே தனி அலுவலகமே இருக்கிறது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும், லண்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதன் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. நம் வட்டாரத்து மாநகராட்சிப் பள்ளிக்கு எதிர்க்கடை அண்ணாச்சி இருக்கிறார், அவ்வளவுதான்.

பள்ளிக்குக் கைகொடுப்பது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை, வியாபாரிகள் சரக்கின் மேல் தாங்களே போட்டுக்கொண்ட மகமையாலும், வீடுவீடாக எடுத்த பிடி அரிசியாலும் நடந்தது. அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1958 முதல், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் நிலமுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவர் கண்ணெதிரே பள்ளி இருந்தது. இன்று கொடுப்பவர் கடல் கடந்து இருக்கிறார். அதனால் காகிதம் தேவைப்படுகிறது.

அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பர் 19-இல் தமிழக அரசு "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" என்ற திட்டத்தைத் தொடங்கியது. முன்னாள் மாணவர், கம்பெனி, ஊரார் எவரும் பள்ளியின் பெயரையும் வேலையையும் குறிப்பிட்டுக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவராகவும், செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதராகவும் அப்போது அறிவிக்கப்பட்டார்கள். இதுபோன்ற வழி இருக்கும்போது கடைக் கணக்கு எதற்கு? வரிச் சலுகை கேட்கும் உள்ளூர் உறுப்பினர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தக் கழிவே இல்லை.

இன்னொரு குழப்பம், பள்ளி யாருடையது என்பது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி மூன்றும் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளி, மிஷன் நடத்தும் உதவி பெறும் பள்ளி என்று பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும். யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்கால் தோண்டக் கூடாது.

அனுமதி வாங்கிக் கட்டி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. நம் பக்கத்து உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று ஷட்டர் வைத்திருக்கும் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாராட்டு விழா வைத்து, பெயர்ப்பலகை மாட்டி, போட்டோ எடுத்துத் திறந்த குடிநீர் இயந்திரம், பில்டர் மாற்ற ஆளில்லாமல் ஒரு மூலையில் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். போட்டோ மட்டும் வெளிநாட்டில் ஒருவர் வீட்டுச் சுவரில் பத்திரமாக இருக்கும். தராசு வாங்கினால் வருடா வருடம் முத்திரைக்குப் பணம் ஒதுக்குகிறோமே, அதுபோல மோட்டாருக்கும் துப்புரவுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். அங்கே இருப்பவருக்கு இது தெரியாது, சொன்னால் புரிந்துகொள்வார்.

திருவொற்றியூர் விஷயத்துக்கு வருவோம். அண்ணாச்சி மூவருக்கும் போன் போட்டு, "தம்பி, பணம் என் கணக்குக்கு வேணாம்" என்று சொன்னபோது ஒருவருக்குக் கொஞ்சம் வருத்தம். நம்பிக்கை இல்லையா என்று கேட்டாராம். ஆடிட்டரையே பேச வைத்த பிறகு சமாதானமானார். இந்தியப் பாஸ்போர்ட் உள்ள இருவரும் பள்ளியின் பதிவு பெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கணக்குக்கு அனுப்பினார்கள். பாஸ்போர்ட் நகல் கோப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர் பணம் தரவில்லை. லீவில் வந்தபோது ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வெல்டிங் வேலைக்கு வெளிநாட்டில் என்ன சான்றிதழ் கேட்பார்கள், எந்த ஏஜெண்டிடம் ஏமாறக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். பையன்கள் விடவே இல்லையாம்.

அண்ணாச்சி மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி வைத்தார், பில்களைச் சரிபார்த்தார், சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்கினார். காசு மட்டும் அவர் கையில் புழங்கவில்லை.

இதேபோல் யாருக்காவது போன் வந்திருந்தால், கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய விவரங்களை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளலாம். பணம் ஏற்கனவே கடைக் கணக்கில் வந்துவிட்டது என்றால், ஒரு ரூபாயும் எடுக்காமல் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.