ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... ஆனாலும் வலி நிஜம்!

காலையில் கண் விழிக்கும்போதே அடித்துப்போட்டாற்போல் இருக்கும். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, தொடை என ஓர் இடம் பாக்கியில்லாமல் வலிக்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கிய உணர்வே இருக்காது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தால், ‘ஒண்ணுமில்லை, நார்மல்தான்’ என்பார்கள். அடுத்து வீட்டில் அந்தப் பேச்சு கிளம்பும்... ‘வேலை செய்ய சோம்பேறித்தனம். அதான் வலி வலிங்கிறா!’

உடம்பு வலியைவிட அதிகம் வலிப்பது இந்தச் சொல்தான். இப்படித் தவிக்கும் பலருக்கு இருப்பது ‘ஃபைப்ரோமயால்ஜியா’. ஆண்களுக்கும் வரும் என்றாலும் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது.

ஏன் வலிக்கிறது?

இதில் மூட்டுத் தேய்மானமோ வீக்கமோ இருக்காது. நரம்புகள் கொண்டுவரும் சாதாரணத் தகவலைக்கூட மூளையும் தண்டுவடமும் வலியாகப் பெரிதுபடுத்திவிடுகின்றன. லேசாக அழுத்தினால்கூட சிலருக்கு உயிர் போகும். வலியோடு சோர்வு, மறதி, தூக்கக் குறைவும் சேர்ந்துகொள்ளும்.

முன்பு, 1990-ல் வகுக்கப்பட்ட முறைப்படி, உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010-க்குப் பிறகு, எத்தனை பகுதிகளில் வலி, சோர்வும் தூக்கமும் எப்படி என்று கேட்டே கண்டறிகிறார்கள். இவை 3 மாதங்களுக்காவது நீடித்திருக்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, முடக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதி செய்யத்தான் பரிசோதனைகள். ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது.

எது பலன் தரும்?

முதல் மருந்து, உடற்பயிற்சி. ஐரோப்பிய வாதநோய் மருத்துவ வல்லுநர்கள் 2017-ல் வெளியிட்ட பரிந்துரைகளில் மிக உறுதியாகச் சொன்னது இதைத்தான். ‘வலியோட நடக்கவா?’ என்று தோன்றும். ஐந்து நிமிட நடையில் ஆரம்பித்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டினால் போதும். யோகா, தண்ணீருக்குள் செய்யும் பயிற்சிகளும் உதவும்.

இன்னொன்று, வேலையைப் பிரித்துச் செய்வது. வலி குறைந்த நாளில் பரண் முதல் பாத்ரூம் வரை சுத்தம் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதே பலருக்கும் வழக்கம். இன்றைக்கு ஓர் அலமாரி போதும்!

அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், ப்ரீகாபலின் போன்ற மருந்துகள் சிலருக்குக் கைகொடுக்கும். ‘இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே!’ என்று பயப்பட வேண்டாம். அவற்றில் சில, வலியைக் கடத்தும் நரம்புப் பாதைகளிலும் வேலை செய்வதால்தான் தருகிறார்கள். ஆனால், மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, சட்டென நிறுத்தவும் கூடாது. மெடிக்கலில் நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாகக் கேட்காது. தொடர்ந்து போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் பாதிக்கப்படும்.

‘எனக்கும் அப்படித்தான்!’

பாடகி லேடி காகா, தனக்கு இந்த நோய் இருப்பதை 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதே வலியுள்ள இன்னொருவர் ‘எனக்கும் அப்படித்தான்’ என்று சொல்லும்போது, ‘நான் நடிக்கவில்லை’ என்ற நிம்மதி வரும். எந்த நேரத்தில் நடப்பது, எந்த வேலையை எப்படிச் சுலபமாக்குவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட நாலு பேர் சேர்ந்தாலே அது ஒரு குழுதான். சேர்ந்து நடந்தால் பயிற்சியும் விட்டுப்போகாது.

ஒரே எச்சரிக்கை... ‘ஒரே மாதத்தில் குணம்’ என்று பவுடர் விற்பவர்களிடமும், ‘மாத்திரையை நிறுத்து’ என்பவர்களிடமும் விலகியிருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள். ‘இன்னிக்கு வலி எப்படி இருக்கு? சமையலை நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வலி முழுதாகப் போய்விடாது. ஆனால், அதைத் தனியாகச் சுமக்க வேண்டியிருக்காது.