'முதல்வன்' படமும் வாத மரபும்

ஆட்சித் தலைமைக்குப் போட்டியிடுவோர் தொலைக்காட்சியில் எதிரெதிர் நின்று வாதிடும் முறை, அமெரிக்காவில் 1960-இல் கென்னடி, நிக்சன் இருவரால் தொடங்கிற்று. தமிழகத்தில் அது வேரூன்றவில்லை. 1999-இல் சங்கர் இயக்கிய 'முதல்வன்' என்னுந் திரைப்படம் அதனை நேர்காணலாக மாற்றிக் காட்டுகின்றது. கலவரத்தின்போது காவலர் செயலற்று நின்றது ஏன் எனச் செய்தியாளன் புகழேந்தி வினவுகின்றான். விடையிறுக்க இயலாத முதலமைச்சர் அரங்கநாதன், ஒருநாள் ஆண்டு காட்டுமாறு அவனை அறைகூவுகின்றார்.

நீலகேசியில் வாதின் முடிவு வாதினுள்ளேயே அமையும். தோற்றோர் அவள் நெறியை ஏற்பர். ஈண்டோ தோற்றவர் தோல்வியை ஏற்றிலர். மக்கள் வாக்களித்துப் புகழேந்தியை முதல்வனாக்கிய பின்னும் பகை தீர்ந்திலது. இறுதியில் அவன் சூழ்ச்சியால் அரங்கநாதன் காவலரின் துப்பாக்கிக்கு இரையாகின்றார். சொல்லால் எழுந்த வழக்கைச் சொல்லாலேயே தீர்க்கலாம் என்னும் மரபின் நம்பிக்கையைப் படம் கைவிடுகின்றது. அதுவே இதன் குறை என்க.