காட்டுப்பள்ளியில் வாங்கிய கிதார்

பழைய வீணை வாங்கப் போகிறவர்களுடன் துணைக்குப் போவது எனக்குப் பழக்கம். குடம் ஒரே பலா மரத்தில் குடைந்ததா அல்லது ஒட்டா, தண்டி வளைந்திருக்கிறதா, மெழுகு உலர்ந்து மெட்டுகள் ஆடுகின்றனவா என்றெல்லாம் பார்த்துச் சொல்வேன். இந்தக் கியாதியை நம்பித்தான் என் அக்கா மகன், "மாமா, ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பள்ளிக்கு வர முடியுமா? ஒரு வாத்தியம் பார்க்க வேண்டும்" என்று டெலிபோனில் கூப்பிட்டான். வாத்தியம் என்றானே தவிர, மின்சார கிதார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறி மீஞ்சூரில் இறங்கினேன். அங்கேதான் அக்கா குடியிருக்கிறாள். அங்கிருந்து மருமானின் மோட்டார் சைக்கிளில் காட்டுப்பள்ளி. ஒரு புறம் வங்காள விரிகுடா, மறு புறம் உப்பங்கழி, நடுவே மணல் மேடு. முன்பு செம்படவர் குடிசைகளும் சவுக்கும் இருந்த இந்தக் கரையில் இன்று துறைமுகம் இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்குவதற்கென்று 2010-ல் திறந்த ஆலையும் இருக்கிறது. தண்ணீரிலுள்ள உப்பை எடுத்துவிட்டார்கள். காற்றிலுள்ள உப்பை யார் எடுப்பது? ஜன்னல் கம்பி, பூட்டு, சைக்கிள் சங்கிலி எல்லாவற்றிலும் அது படிந்து கிடக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

விற்கிறவர் ஒரு வடநாட்டு இன்ஜினீயர். குஜராத்துக்கு மாற்றலாகிப் போகிறார். கட்டில், மேஜை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு நடுவே கிதாரும் விலைக்கு நின்றது. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கறுப்பு. 1954-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் கிதாரின் ஜாடையில், சில வருஷங்களுக்கு முன்னால் கிழக்காசியாவில் செய்தது. அதாவது, பழசு போலத் தோன்றும்படி செய்த புதுசு. காட்டுப்பள்ளிக் காற்றில் நிஜமாகவே பழசாகிவிட்டது.

எனக்குக் கிதார் தெரியாது. ஆனால் தண்டி தெரியும். துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தின் நீளத்தைப் பார்த்தேன். முறுக்கு இல்லை. ஒவ்வொரு மெட்டிலும் விரல் வைத்து மீட்டச் சொன்னேன். ஓரிடத்திலும் கரகரப்பு இல்லை. கழுத்துக்குள் ஒரு எஃகுக் கம்பி இருக்கிறதாம். திருகினால் சிறு வளைவை நிமிர்த்திவிடலாமாம். வீணைக்கு இந்தப் பாக்கியம் இல்லையே என்று நினைத்துக் கொண்டேன்.

பிறகு ஒலிபெருக்கியுடன் இணைத்தார்கள். அப்பப்பா! தேனீக் கூட்டைக் கலைத்தாற்போல் ஒரு ரீங்காரம். குமிழைத் திருப்பினால் அப்பளம் நொறுங்கும் சத்தம். கம்பிகளுக்கு அடியிலுள்ள மூன்று பிக்கப்புகளில் ஒன்று வாயே திறக்கவில்லை. இன்ஜினீயர் நாணயஸ்தர். குறையை ஒப்புக்கொண்டு, 24,000 ரூபாய் சொன்னதை 18,000 ஆக்கினார்.

திரும்பும் வழியில் மருமான் தன் திட்டத்தை விவரித்தான். மூன்று பிக்கப்புகளையும் கழற்றி எறிந்துவிட்டு வெளிநாட்டுச் சரக்கு மாட்ட வேண்டும். பிரடைகள் புதிது, குதிரை புதிது. கணக்குப் போட்டால் கிதாரின் விலையைவிட அதிகம். "இந்த மின்சாரக் கூச்சலுக்கா?" என்றேன். "மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது மட்டும் மின்சார வாத்தியம் இல்லையா, மாமா?" என்றான். வாயடைத்துப் போனேன். எட்டுக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பூட்டிய அந்த மேல்நாட்டு வாத்தியத்தில், ஒற்றைக் கம்பிகளாக ஐந்தைக் கட்டி, மின்சாரத்தையும் சேர்த்து, நம் கமகங்களுக்கு இசைய வைத்தவரல்லவா அவர்?

ஆனால் என் மனம் வேறு கணக்கில் இருந்தது. இவனைக் கல்லூரியில் சேர்த்த வருஷம், சம்பளம் கட்டுவதற்காக அக்கா தன் வீணையை விற்றாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலை கிடைத்த நாளிலிருந்து, அம்மாவுக்கு வீணை வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று இவனும் மாதா மாதம் ஒரு தொகை ஒதுக்கி வந்தான். கிதாருக்குக் கொடுத்த பணம் அதிலிருந்து எடுத்ததுதான். மேற்கொண்டு செலவானால் வீணை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அவனுக்கும் இது தெரியும். அதனால்தான் உரக்கப் பேசிக்கொண்டு வந்தான்.

"ஒன்றும் வாங்குவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம்" என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனேன். எனக்குப் பழக்கமான ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். கிதாரைத் தொட்டதே இல்லை என்றார். பரவாயில்லை என்றேன். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது: இந்த மாதிரிக் கிதாரைப் படைத்த லியோ ஃபெண்டரும் 1938-ல் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவரே. கிதார் வாசிக்கவும் தெரியாதவராம்! ஆகையால்தான் ரிப்பேர்காரனின் புத்தியோடு அதை அமைத்திருக்கிறார். கழுத்து உடலோடு ஒட்டவில்லை. நாலு திருகாணிகளில் நிற்கிறது. மேலேயுள்ள தகட்டின் திருகுகளைக் கழற்றினால் பிக்கப், குமிழ், கம்பிகள் எல்லாம் தகட்டோடு கையில் வந்துவிடுகின்றன.

வந்தன. பெரியவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். பிக்கப் என்பது வேறொன்றுமில்லை: சிறு காந்தங்களைச் சுற்றி, தலைமயிர் போன்ற தாமிரக் கம்பியைச் சுமார் 8,000 சுற்று சுற்றிய சுருள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஊமைப் பிக்கப்பை மீட்டரில் வைத்தார். முள் 6,000 ஓம் காட்டியது. "சுருள் உயிரோடு இருக்கிறது. பற்றுதான் விட்டுப்போச்சு" என்றார். அது சுவிட்சில் சேருமிடத்தில் ஈயப்பற்று பச்சை பூத்துக் கழன்றிருந்தது. குதிரையிலிருந்து வரும் பூமிக் கம்பியும் அப்படியே. காட்டுப்பள்ளி உப்பு!

பத்து நிமிஷம் சூட்டுக்கோல் வேலை. ஒரு குமிழுக்கு அடியிலிருந்த 250 கிலோ ஓம் கண்ட்ரோலை மாற்றினார். குடைவின் உட்புறம் முழுவதும் தாமிரத் தகடு ஒட்டி, அதைப் பூமிக் கம்பியோடு சேர்த்தார். மூன்று பிக்கப்பும் பேசின. ரீங்காரம் முற்றும் ஒழியவில்லை. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி ஆடுவதை ஒற்றைச் சுருள் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சேர்த்து அதை அடக்கும் வித்தையை, கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் செய்து காட்டினார். ஆனால் அப்படிப்பட்ட பிக்கப்பின் குரலே வேறு. பழைய குரல் வேண்டுமென்றால் கொஞ்சம் ரீங்காரத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தம்பூரா இல்லாத குறைக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். மருமானுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவர் கழுத்தின் மேற்பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, "இது ஈட்டி மரம் அல்லவா?" என்றார். ஆம். பிரேஸில் நாட்டு ரோஸ்வுட் அரிதாகிப்போய், 1992-ல் அதன் சர்வதேச வியாபாரமும் தடைப்பட்டது. அதற்கு வெகு முன்பே நம் மேற்கு மலைகளின் ஈட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. நம்முடைய மரம் கப்பலேறிப் போய், கிதாராகி, கப்பலில் திரும்பி வந்திருக்கிறது! 2017-ல் ஈட்டி வகைகள் அனைத்துக்குமே கட்டுப்பாடு வந்தது. 2019-ல்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு அளித்தார்கள்.

புதிய கம்பிகளும், கம்பிகள் தாண்டி வரும் பிளாஸ்டிக் துண்டுக்குப் பதிலாக ஒரு எலும்புத் துண்டும் சேர்த்து, செலவு 2,000 ரூபாய்க்குள் அடங்கியது. பிரடைகளும் குதிரையும் பழையனவே. எண்ணெய் விட்டதும் ஒழுங்காக நிற்கின்றன. கழற்றிய கண்ட்ரோலையும் பிளாஸ்டிக் துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னேன். பிற்பாடு விற்கும்போது, வாங்குகிறவர் கேட்பார்.

போன வாரம் மீஞ்சூருக்குப் போயிருந்தேன். அக்கா கிதாரை மடியில் படுக்கவைத்துக் கொண்டு, ஒரு கம்பியை மெட்டின் மேலேயே இழுத்து இழுத்துப் பார்த்துக் கொண்டிருந்தாள். "ஏண்டா தம்பி, இதில் மெட்டு எல்லாம் குட்டையாக இருக்கிறதே, காந்தாரம் அசையவே மாட்டேன் என்கிறது" என்றாள். கம்பி கனமாக இருக்கும், மெல்லியது போட்டால் இன்னும் இழுபடும் என்று மருமான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். தஞ்சாவூருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருப்பதாகவும், வீணை தை மாதம் ஆகும் என்றும் என்னிடம் மெதுவாகச் சொன்னான். அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் எழுந்து ஒரு பழைய வேஷ்டிக் கிழிசலை எடுத்து வந்து, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, கிதாரை ஜன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரில் சாத்தி வைத்தாள்.